ஹெரால்டும் நானும் இரண்டு ஹோஸ் பைப்புகளும்

என் வீட்டு ஷெட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது என்று சொன்னால், நண்பர்கள் ஆவலோடு வருகிறார்கள். காபி குடிக்கிறார்கள். தார்பாலினை விலக்கிக் காட்டுகிறேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, ஸ்போர்ட்ஸ் கார் எங்கடா?" என்கிறார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே நிற்பது 1967-ம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அந்தக் காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த, இரண்டு கதவு, சின்ன வண்டி. ஆனால் என் கட்சியைக் கொஞ்சம் கேளுங்கள். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று இது பிறந்தது. வரைந்து கொடுத்தவர் இத்தாலிக்காரர், ஜியோவன்னி மிக்கெலாட்டி. மூன்றே வருஷத்தில் இதே சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மனிதரே இன்னொரு பாடி வரைந்து, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று விட்டார்கள். அது அப்பட்டமான ஸ்போர்ட்ஸ் கார். ஆக, என் வண்டி ஸ்பிட்ஃபயருக்குப் பெரியப்பா மகன். சொந்தத்தில் ஒருவர் ஐ.ஏ.எஸ். என்றால் நாமும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதில்லையா? அந்த மாதிரிதான்.

"அப்படின்னா நீங்க உங்க பெரியப்பா மகனை வச்சு என்ன சாதிச்சீங்க?" என்றாள் என் சகதர்மிணி. அந்தப் பெரியப்பா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பேச்சை மாற்றினேன்.

வண்டி கிடைத்தது கும்பகோணம் பக்கத்தில், ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் வீட்டில். இருபது வருஷத்துக்கு மேல் மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தது. பின் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. அதை எழுப்ப அவருக்கு மனமில்லை, எனக்கும் அவசரமில்லை. குஞ்சு பொரிந்த பிறகு லாரியில் ஏற்றிக் குரோம்பேட்டைக்குக் கொண்டு வந்தேன். அறுபத்தைந்தாயிரம் ரூபாய், லாரி வாடகை தனி.

தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர் வீட்டு மாமா மட்டும் பக்கத்தில் வந்து, "எடைக்குப் போட்டா எவ்வளவு தேறும்?" என்று கேட்டார்.

ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு சகிதம், முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்னால் சாய்ந்துவிடும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்ஜினை நோண்டலாம். குனிந்து முதுகு ஒடிய வேண்டாம். அதேபோல் பாடியைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். கூரையைக்கூட போல்ட்டைக் கழற்றித் தனியாகத் தூக்கி வைத்துவிடலாம். ஏதோ தொலைநோக்கோடு செய்தார்கள் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அவர்களுக்கு முழு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், கிடைத்த இடத்தில் எல்லாம் துண்டு துண்டாக அடித்து வாங்கி, கீழே ஒரு தனி சேஸிஸ் போட்டு, முறுக்கிச் சேர்த்தார்கள். அறுபது வருஷம் கழித்து, பி.காம். படித்துவிட்டு எழுத்துப் பிழைப்பு நடத்தும் ஒருவன் ஷெட்டில் உட்கார்ந்து தனியாகக் கழற்ற முடிகிறது என்றால், அந்தக் கஷ்டகாலத்தின் புண்ணியம்.

கழற்றினேன். அதாவது, கழற்ற முயன்றேன். முதல் நாளே நாலு போல்ட்டுகளின் தலை வழுவழுவென்று உருண்டு போயின. நான் வாங்கி வைத்திருந்தது பளபளக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட். வண்டியோ இன்ச் கணக்கு. அரை இன்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். பதின்மூன்று நம்பர் ஸ்பேனர் போட்டால் உட்காருகிற மாதிரி உட்காரும்; துருப்பிடித்த போல்ட்டில் எட்டி மிதித்தால் வழுக்கும். பாயின்ட் மூன்று மில்லிமீட்டரில் என்ன குடி முழுகிப் போயிற்று என்று அலட்சியமாக இருந்ததன் பலனாக, லேத் பட்டறைக்காரர் நாலு போல்ட்டையும் தோண்டி எடுத்து அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அவர்தான் பெரியவரை அறிமுகப்படுத்தி வைத்தார்.

பெரியவருக்கு எழுபது வயது. வலது காது கேட்காது. சின்னப் பையனாக இருந்தபோது சோழவரத்தில், ரேஸ் வண்டிகளுக்கு டயர் உருட்டிக்கொண்டு போனவர். சோழவரம் என்றால் இன்றைய பையன்களுக்குத் தெரியாது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட விமான ஓடுபாதை அது. இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வரும் வரைக்கும் மெட்ராஸின் கார் ரேஸ் எல்லாம் அங்கேதான். அதில் நம்ம ஹெரால்டும் ஓடியிருக்கிறது ஸார்! இதைப் பெரியவர் வாயால் கேட்ட அன்று, வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் சொன்னேன். "அப்ப சரி, ஸ்போர்ட்ஸ் கார்தான்" என்றாள், தோசையைத் திருப்பியபடியே.

எஞ்ஜின் இறுகிப் போயிருந்தது. 948 சி.சி., நாலு சிலிண்டர், ஒன்றும் அசையவில்லை. பெரியவர் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் டீஸலும் எஞ்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றச் சொன்னார்.

"எத்தனை நாள் ஐயா?"

"அதுவா மனசு வச்சு எளகுற வரைக்கும்."

தினமும் காலையில் டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் லேசாக ஆட்ட வேண்டும். எட்டு நாள் ஆட்டினேன். என் மகள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் வந்து, "இன்னைக்கு எழுந்துடுச்சாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒன்பதாம் நாள் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி அரை அடி நகர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீஸல் ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த பத்து மாதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஹெரால்டுக்கு சாமான் என்றால் சில கடைக்காரர்கள் அனுதாபத்தோடு பார்ப்பார்கள். சிலர் பரணில் ஏறி, தூசி தட்டி, அரை நூற்றாண்டுக்கு முந்தைய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து ஆச்சரியப்படுத்துவார்கள். சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் அப்பளம் மாதிரி இருந்தன; வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங். டிங்கரிங், பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி. பெட்ரோல் ட்யூப், பம்ப்பின் டயஃப்ரம் எல்லாம் புதிது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு ஆகாது. முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது பிளக் ஒயர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாக மாட்டியிருந்தேன். கணக்குப் படித்தவன் வேறு எப்படி மாட்டுவான்? எஞ்ஜின் வெடிக்கிற வரிசையோ 1-3-4-2. கார்பரேட்டர் வழியாக ஒரு வெடி வெடித்ததில் எதிர் வீட்டு மாமா, தீபாவளி மலரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஆர்.சி. புதுப்பித்த கதையைத் தனியாக எழுதுகிறேன். அதற்கு ஒரு இதழ் போதாது.

விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு.

நான் இரண்டு நோட்டு வைத்திருந்தேன். ஒன்று ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும், நீல நிறம். மனைவி பார்ப்பதற்கு. இன்னொன்று ஷெட்டில், கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால். உண்மையைப் பார்ப்பதற்கு. நீல நோட்டில் "இதர செலவுகள்" என்று ஒரு வரி அடிக்கடி வரும். படித்த படிப்பு வீண் போகவில்லை.

இந்த வண்டிக்கென்று அவள் தன் சீட்டுப் பணத்திலிருந்து எழுபதாயிரம் கொடுத்திருந்தாள். அவளுக்கு மாதா மாதம் ஒன்றாம் தேதி சம்பளம். எனக்குப் பத்திரிகைக்காரர்கள் நினைத்துக்கொண்டால் செக். "ஓடணும். நாம மூணு பேரும் அதுல போகணும். அவ்வளவுதான்" என்று ஒரே நிபந்தனை போட்டாள். நியாயமான நிபந்தனை.

பிப்ரவரி வாக்கில் பணம் முடியும் தருவாயில், பெரியவர் பிரேக் பக்கம் வந்தார். நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று. இப்போது வரும் கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதையில் போகும். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். ஹெரால்டில் எல்லாம் ஒரே பாதை. எங்கே ஓட்டை விழுந்தாலும் நாலு சக்கரமும் கையை விரிக்கும். சிலிண்டர்களுக்குள் இருக்கும் ரப்பர் எல்லாம் மாற்றினோம். முன்பக்கம் இரண்டு ரப்பர் ஹோஸ் மாற்றினோம்.

"பின்னாடியும் ரெண்டு கீது. அதையும் மாத்திடு தம்பி" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். கறுப்பாக, வழவழப்பாக, ஒரு கீறல் இல்லை. முன்னால் இருந்ததைவிட நன்றாகவே இருந்தன. "பார்க்க நல்லாத்தானே இருக்கு ஐயா?"

"ரப்பர் மேல பாத்தா தெரியாது. நாற்பது வருஷ ரப்பர் அது. மாத்திடு."

அந்த வாரம்தான் பம்பர்கள் குரோம் பூச்சுக்குப் போயிருந்தன. முன்னும் பின்னும் சேர்த்துப் பதினொன்றாயிரத்து ஐநூறு. ஹோஸ் பைப் ஒன்று நானூற்றைம்பது. இரண்டும் தொள்ளாயிரம். கையில் இருந்தது பம்பருக்குத்தான் சரியாக இருந்தது. ஷெட் நோட்டை எடுத்து எழுதினேன்: "பின் ஹோஸ் 2 - பிறகு." காமர்ஸில் இதற்கு ஒரு கம்பீரமான பெயர் உண்டு: டெஃபர்ட் ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். பெரியவர் அந்த வாரம் பேத்தி காதுகுத்துக்கு ஆற்காடு போனார். திரும்பி வந்து, "மாத்தினியா?" என்றார். "ஆச்சு ஐயா" என்றேன். அவர் காது கேட்காத பக்கம் நின்றுதான் சொன்னேன். ஆனாலும் அவர் தலையை ஆட்டினார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினோம். மனைவி முன் சீட்டில். மகள் பின்னால், கோழி இருந்த இடத்தில். எங்கே போவது என்பதை நான் முதல் நாளிலேயே முடிவு செய்திருந்தேன். பெருங்களத்தூர். இந்த வண்டி பிறந்த வீடு.

ஆமாம் ஸார், ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை அங்கேதான் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் இருந்தது. 1961-லிருந்து ஹெரால்டு அங்கிருந்து வந்தது. அப்புறம் 72-ல் கெஸல். 85-ல் பெரிய படாடோபத்தோடு ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் விட்டார்கள். அது பெட்ரோலைக் குடித்தது; விலையும் எட்டவில்லை. 1988-ல் கதவை மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் கண்ணாடி கண்ணாடியாக ஐ.டி. கட்டடங்கள். உங்களில் சிலர் தினமும் கார்டைத் தேய்த்து உள்ளே போகிற இடத்தில்தான் என் வண்டிக்கு எஞ்ஜின் மாட்டினார்கள். பிறந்த வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கலாம் என்று ஆசை.

வண்டி அருமையாகப் போயிற்று. தாம்பரத்தில் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் புல்லட்டில் இருந்த பையன் கட்டை விரலைக் காட்டினான். பம்பரைத்தான் பார்த்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மனைவி காற்றில் பறக்கும் முடியை ஒதுக்கிக்கொண்டே, "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். பத்து மாதத்தில் முதல் தடவை.

இரும்புலியூர் தாண்டி, நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம். முன்னால் போன பஸ் நிறுத்தத்தில் ஒதுங்காமல் நடு ரோட்டிலேயே நின்றது. பிரேக்கை மிதித்தேன். கால் கொஞ்சம் எதிர்ப்பை உணர்ந்தது. பிறகு மெத்தென்று ஏதோ விட்டுப்போன மாதிரி, பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. இன்னொரு தடவை மிதித்தேன். தரை. இன்னொரு தடவை.

இது நடக்கும்போது மனதில் என்ன ஓடும் என்று பிறகு பலர் கேட்டார்கள். பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. பின் ஹோஸ் இரண்டு, பிறகு. அந்த எழுத்து மட்டும் கண் முன்னால் நின்றது. என் கையெழுத்தில்.

மூன்றாவது கியர். இரண்டாவது. எஞ்ஜின் அலறியது. முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது; போட்டால் 'க்ர்ர்ர்' என்றுதான் கத்தும், நுழையாது. பஸ்ஸின் பின்னால் எழுதியிருந்த நம்பரைப் படிக்க முடிந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது ஆயிலில் வேலை செய்வதில்லை. பின் சக்கரங்களுக்குத் தனியாகக் கேபிள். அதையாவது புதிதாகப் போட்டிருந்தேன். வேகம் இறங்கியது, போதவில்லை. இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தேன். இந்த வண்டியின் இன்னொரு பெருமை, இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். லண்டன் டாக்ஸி மாதிரி. பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே நுழைந்து, யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த எம்-சாண்ட் குவியலில் மூக்கைச் செருகி நின்றது.

பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், கையில் பூக்கூடையோடு, எங்களிடமிருந்து நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். கூடையை இடுப்பில் சரி செய்துகொண்டு நடந்தார். அந்த நாலடியை நான் இன்றைக்கும் அளந்துகொண்டிருக்கிறேன்.

பின் சீட்டிலிருந்து, "அப்பா, இன்னொரு தடவை!" என்று குரல் வந்தது.

மனைவி கையை டேஷ்போர்டிலிருந்து எடுக்கவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன. மெல்ல இறங்கி, முன் சீட்டைச் சாய்த்து, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயசுப் பெண், தூக்கி வருஷக்கணக்காகிறது. "நாங்க ட்ரெயின்ல வர்றோம்" என்றாள். போனாள்.

பெரியவர் டெம்போவோடு வந்தார். வண்டிக்கு அடியில் போய், இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார். இடது பின் சக்கரத்து ஹோஸ், விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதைக் கழற்றி வளைத்துக் காட்டினார். வளைத்த இடத்திலெல்லாம் மெல்லிய வெடிப்புகள், காய்ந்த ஏரி மாதிரி. நீட்டினால் மறுபடி வழவழப்பு.

"மாத்தினேன்னே."

"..."

"எனுக்கு ஒரு காதுதான் அவுட்டு தம்பி."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பம்பரிலிருந்து மணலைத் துடைத்துவிட்டார். குரோமுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி மகள் தூங்கிய பிறகு, "அந்த நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றாள். ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன். "அது இல்லை. கிரீஸ் டப்பாவுக்குப் பின்னாடி இருக்கிறது."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். இரண்டு நோட்டுக்கும் இடையே இருபத்தெட்டாயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிப்ரவரிப் பக்கத்தில் நின்றாள். மேல் வரி, "பம்பர் குரோம் 11,500." கீழ் வரியில் விரலை வைத்தாள்.

"பிறகுன்னா எப்ப?"

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரி கேட்டாள்.

"பம்பர் வெளியில இருக்கிறவங்களுக்கு. இது உள்ள இருக்கிறவங்களுக்கு. அப்படித்தானே?"

வண்டியை விற்றுவிடுகிறேன் என்றேன். "வித்தா வாங்குறவனுக்கும் வீட்டுல பொண்ணு இருக்கும்" என்றாள். நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மூன்று வாரம் ஷெட் பக்கம் நான் போகவில்லை. வீட்டில் பேச்சு உண்டு. பால், கேபிள், ஸ்கூல் ஃபீஸ். நாலாவது வாரம் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. உள்ளே தொள்ளாயிரம் ரூபாய். கவரின் மேல் அவள் கையெழுத்தில் "ஹோஸ் 2." அவ்வளவுதான். அன்றே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர், "நாலும் எடுத்துக்குங்களேன் ஸார்" என்றார். முன்பக்கத்துக்கும் சேர்த்து நாலாக வாங்கினேன். அவை மாற்றி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, இருந்தாலும். மேற்கொண்டு தொள்ளாயிரத்துக்கு என் பழைய டேப் ரிக்கார்டரை விற்றேன். ரசீதை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன்.

பிரேக்கில் ஹோஸ் மாற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றுவது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்கு அடியில் படுத்து நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயிலோடு குமிழ் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முந்தி விட்டால் காற்று மறுபடி உள்ளே ஏறிவிடும். குமிழ் நிற்கும் வரைக்கும் இதையே செய்ய வேண்டும். ரொம்ப தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது முறை; அதாவது இடது பின் சக்கரம்.

பெரியவரை வரச் சொல்லியிருந்தேன். ஞாயிறு காலை, படுத்தபடி ட்யூப் மாட்டிக்கொண்டிருக்கும்போது, வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வண்டி லேசாகத் தாழ்ந்தது.

"ஐயா, வந்துட்டீங்களா? நான் சொல்றப்ப அழுத்துங்க."

"எந்தப் பெடல்? நடுவில இருக்கிறதா?"

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஆமா. நடுவில. அழுத்தி, அப்படியே பிடிச்சுக்கணும். நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

"நீங்க சொல்லாம விட மாட்டேன்."

நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். சோடா மாதிரி குமிழ் குமிழாக வந்தது. மூடினேன். "விடு." மறுபடி. பன்னிரண்டு தடவை. பதின்மூன்றாவது தடவை ட்யூபில் சுத்தமாக, தேன் நிறத்தில் ஆயில் மட்டும் வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"கொஞ்சம் கெட்டியா இருக்கு."

"நாலும் முடிஞ்சா கல்லு மாதிரி ஆயிடும்."

அவள் மடியில் ஷெட் நோட்டு விரிந்திருந்ததை, எழுந்து வந்தபோதுதான் பார்த்தேன். "பிறகு" என்பதை அடிக்காமல், அதற்குப் பக்கத்திலேயே அன்றைய தேதி போட்டிருந்தாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: "சீட் பெல்ட் 4."

"அந்தக் காலத்து வண்டிக்கு ஏது சீட் பெல்ட்? மாட்டுறதுக்கு இடமே கிடையாதே" என்றேன்.

"இடம் வெல்டு பண்ணச் சொல்லுங்க. அடுத்தது எந்தச் சக்கரம்?"